வயிற்றுப் பிள்ளையோடு ஆல்ட்டோ வரிசைக்கு

கல்யாணம் ஆனதும் கொயரை விட்ட பெண்கள் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். புது ஊர், புது சபை, மாமியார் வீட்டு அடுப்பு என்று பாட்டு பின்னுக்குப் போய்விடும். ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை உண்டான பிறகு, மறுபடி வரிசையில் நிற்க ஆசை வரும். கேட்டால், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகப் பாடப் போகிறேன் என்பார்கள். உனக்காகவே பாடு மகளே, அதில் ஒரு தப்பும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோவிலில் ஆல்ட்டோ பாடியே தலை நரைத்தவள். இப்போது பிராக்டிஸ் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து குறை சொல்வதுதான் என் ஊழியம். திரும்பி வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் அதே கேள்விகளைக் கேட்பதால், எழுதியே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறேன்.

1. டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேள்.

"பாடலாமா டாக்டர்?" என்றால் "தாராளமா" என்பார். அவர் நினைத்துக்கொள்வது அடுக்களையில் முணுமுணுக்கிற பாட்டை. நீ கேட்க வேண்டியது வேறு. ஒரு மணி நேரம் தொடர்ந்து நிற்கலாமா? கேலரிப் படி ஏறலாமா? வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வரலாமா? நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது, இரத்தம் பட்டது, பிரஷர் ஏறுகிறது என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டர் சொல்வதே முடிவு. இந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துவிடு. அடுத்த பிள்ளைக்கு உதவும்.

2. இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

மூன்று மாசம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டு வழக்கம். இருக்கட்டும். ஆனால் கொயர் மாஸ்டருக்கும் உன் பக்கத்தில் நிற்பவளுக்கும் தெரிந்தாக வேண்டும். பாட்டின் நடுவில் நீ சட்டென்று உட்கார்ந்தால், பக்கத்தில் நிற்பவள் பதறாமல் உன் பைலை ஒரு கையில் வாங்கிக்கொண்டு பாட்டை விடாமல் பாட வேண்டும். மாஸ்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் மனைவியிடம் சொல். ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கூட்டத்தில் நின்று பாடினால் கண்ணுபடும் என்கிற அத்தைமார் நம் சபைகளிலும் உண்டு. அவர்களோடு வாதாடாதே, பிராக்டிஸுக்கு நேரமாகிவிடும்.

3. மூச்சு ஏன் முட்டுகிறது என்று தெரிந்துகொள்.

"வயிறே தெரியவில்லை டீச்சர், அதற்குள் ஒரு வரி முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது. பாடாமல் கிடந்ததில் குரல் போய்விட்டதோ?" இதைக் கேட்காத பெண்ணே இல்லை. குரல் எங்கேயும் போகவில்லை. பிள்ளை உண்டானதும் உடம்பில் கூடுகிற புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன், மூச்சை நடத்துகிற மூளைப் பகுதியைத் தூண்டுகிறது. ஆரம்ப மாசங்களிலேயே ஒவ்வொரு மூச்சும் பெரிதாகிவிடும். காற்று போதுமான அளவு உள்ளே போனாலும், போதவில்லை என்ற தவிப்பு இருக்கும்.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு வேறொரு கதை. கர்ப்பப்பை மேலே தள்ளத் தள்ள, உதரவிதானம் நிறைமாசத்துக்குள் சுமார் 4 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அதற்கு ஈடாக விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும். மார்பின் சுற்றளவு 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை கூடும். ஆகவே முக்கி இழுத்து முழுக்க விடுகிற மூச்சின் அளவில் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் எங்கே என்றால், சாதாரணமாக மூச்சுவிட்ட பிறகும் நெஞ்சில் மிஞ்சி நிற்கிற காற்றில். அது ஐந்தில் ஒரு பங்கு போல் குறைந்துவிடும். வரியின் கடைசி இரண்டு சுரத்துக்குப் பாடுகிறவள் நம்பியிருப்பது அந்த மிச்சத்தைத்தான். அதனால்தான் ஆரம்பம் கணீரென்று வந்து, வரியின் வால் மட்டும் அறுந்துபோகிறது.

"வயிற்றிலிருந்து மூச்சை எடு" என்று சின்ன வயதில் நானும்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வயிற்றில் வேறொருவர் குடியிருக்கிறார். மூச்சைப் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் விரியவிடு. முதுகு சாயாமல் மர நாற்காலியின் விளிம்பில் உட்கார். இரண்டு கைகளையும் விலாவின் கடைசி எலும்புகள்மேல் வை. கட்டைவிரல் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது கட்டைவிரல்கள் விலகிப் போக வேண்டும். தோள் அசையக் கூடாது. பிறகு பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று, பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுகிற மாதிரி, சீராக எட்டு எண்ணும்வரை விடு. ஒரு வாரம் போனால் பத்து வரும். பன்னிரண்டு வந்தால் போதும். இருபது எண்ணிக் காட்டுகிறேன் என்று யாரோடும் பந்தயம் கட்டாதே. தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு சரி.

4. வரியை முடிப்பது உன் ஒருத்தியின் கடமை இல்லை.

இத்தனையிலும் முக்கியமானது இது. தனியாகப் பாடுகிறவளுக்கு மூச்சு விட்டுப்போனால் பாட்டும் விட்டுப்போகும். கொயரில் அப்படி இல்லை. ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மற்றவர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்; கேட்கிறவர்களுக்கு வரி எங்கேயும் அறுபடாது. மாறி மாறி மூச்சு எடுப்பது நல்ல கொயர்களில் எப்போதும் நடப்பதுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கென்று கொடுக்கிற சலுகை என்று நினைத்துக் கூசாதே.

ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. எல்லோரும் மூச்சு எடுக்கிற கமாவிலும் புள்ளியிலும் நீயும் எடுத்துக்கொள்ளலாம். அது போதாதபோது, பக்கத்தில் நிற்பவள் எடுக்காத இடமாகப் பார்த்து எடு. நீளமான சுரத்தின் நடுவில் எடுப்பது மிகவும் நல்லது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு மூச்சு எடுக்காதே. அப்படி இரண்டு பேர் செய்தாலே வார்த்தை நொண்டும். திரும்பி நுழையும்போது உயிரெழுத்தில், மெதுவாக நுழை. மூச்சு எடுத்துவிட்டேன் என்று ஊருக்கு அறிவிக்கிற மாதிரி சத்தமாக வந்து விழாதே. மூச்சு தீர்ந்த பிறகு எடுப்பதைவிட, தீருவதற்கு முன்னால் எடுப்பது இப்போது உனக்கு முக்கியம்.

ஹேண்டல் எழுதிய 'மெசாயா'வில் வருகிற அல்லேலூயா கோரஸை எடுத்துக்கொள். டிசம்பர் வந்தால் நம் ஊர்க் கொயர்களில் பாதிக்கு மேல் அதைத்தான் தூசு தட்டி எடுக்கும். அதன் நடுவில் சோப்ரானோ ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்க, மற்ற குரல்கள் அடியில் வெட்டி வெட்டிப் பாடும். பிறகு சோப்ரானோ ஒரு படி ஏறி, அங்கே நிற்கும். மறுபடி ஒரு படி. அந்த ஏணியை ஏழாம் மாசத்தில் ஒரே மூச்சில் ஏற நினைப்பது வீம்பு. வரிசையில் இருக்கிற ஆறு சோப்ரானோக்களும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இந்த இடத்தில் நீ, அடுத்த இடத்தில் நான் என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்காத கொயரில்தான் எல்லோருக்கும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிடுவேன். டிசம்பரில் பிரசவம் இருந்து அல்லேலூயா பாட முடியாமல் போனால் அழாதே. 1741இல் எழுதப்பட்ட அந்த இசை முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரலில், டப்ளின் நகரத்தில். அல்லேலூயா வருவதும் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் சொல்கிற இரண்டாம் பாகத்தின் முடிவில். நாம்தான் அதைக் கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்துவிட்டோம். ஈஸ்டருக்குப் பாடினால் இன்னும் பொருத்தம்.

5. குரல் கனத்தால் ஆல்ட்டோவுக்கு வா.

கர்ப்ப காலத்தில் உடம்பு நீர் கோத்துக்கொள்வது காலில் மட்டும் இல்லை. குரல் நாண்களும் கொஞ்சம் தடிக்கும். சளி இல்லாமலே மூக்கு அடைக்கும். மேல் சுரங்கள் ஏற மறுக்கும். கீழ் சுரங்கள் முன்பைவிடக் குண்டாக வரும். அதிசயமில்லை, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். அதுவரை மேலே நின்று கத்தாமல் கீழே இறங்கி வா.

சோப்ரானோ பாட முடியாதவர்களை ஒதுக்கி வைக்கிற இடம் ஆல்ட்டோ என்று நம் சபைகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஆயுசு முழுக்க அங்கே நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: மெட்டு தெரிந்தால் சோப்ரானோ பாடிவிடலாம், ஆல்ட்டோ பாட வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரே சுரத்தில் நாலு சொல் நின்று, ஐந்தாவது சொல்லில் அரை சுரம் மட்டும் இறங்குகிற வரிகள் அதில் வரும். அந்த அரை சுரத்தில்தான் முழுப் பாட்டும் நிறம் மாறும். சோல்ஃபா வாசிக்கத் தெரிந்தவளாக இருந்தால் ஒரு மாசத்தில் பழகிவிடும். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்கிற பெண்மணி தொடங்கி, ஜான் கர்வென் என்கிற போதகர் வளர்த்தெடுத்த அந்த முறை, மிஷன் பள்ளிக்கூடங்களோடு நம் பக்கம் வந்தது. கோடும் புள்ளியும் படிக்காத பனங்காட்டுக் கிராமத்துப் பிள்ளைகளும் நாலு குரலில் பாடக் காரணம் அதுதான். மறந்திருந்தால் மசக்கை மாசங்களில் படுத்துக்கொண்டே புரட்டிப் பார்.

கீர்த்தனைக்கு நாலு குரல் கிடையாது, எல்லோரும் ஒரே மெட்டு. வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற கீர்த்தனைகள் பல்லவியில் சாதுவாக இருந்து, அனுபல்லவியில் மேலே தாவும். அங்கே தொண்டையை நெரிக்காதே. சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல். இப்போதைய கீபோர்டில் அது ஒரு பட்டன். "டெனருக்குக் கீழே போய்விடும்" என்று யாராவது முகம் சுளித்தால், அந்த டெனரைக் கொஞ்சம் மெனக்கெடச் சொல்.

6. நெஞ்சு கரிப்புக்கு முன்யோசனை.

வயிறு மேலே அழுத்தும், இரைப்பையின் மேல்வாய் தளர்ந்திருக்கும். புளிச்ச ஏப்பம் தொண்டைவரை வந்து குரலைச் சுடும். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு பிராக்டிஸுக்கு வராதே. மாலை ஐந்து மணிக்கு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடு, ஏழு மணிக்குப் பாடு, வீட்டுக்குப் போய்க் கொஞ்சமாகச் சாப்பிட்டு, உடனே படுக்காமல் இரு. கீழே வைத்த பைலை இடுப்பை மடக்கிக் குனிந்து எடுக்காதே. அந்த ஒரு குனிவு போதும், புளிப்பு மேலே வர. வெந்நீர் பாட்டில் எப்போதும் கூட இருக்கட்டும்.

பாடுகிறவர்கள் மடியில் முடிந்து வைத்திருக்கிற அதிமதுரத்தை மட்டும் இந்தப் பத்து மாசம் தள்ளி வை. அது பிரஷரை ஏற்றும். பின்லாந்து நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அதிமதுரத்தை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொல்லி வைத்திருக்கிறது. தொண்டைக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் எதை யார் கொடுத்தாலும், டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதே. பனங்கற்கண்டு பரவாயில்லை, சர்க்கரை இல்லாதவளாக இருந்தால்.

7. பாவாடை நாடா, பிளவுஸ், நிற்கிற முறை.

இதைப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. கொயர் சேலை எல்லோருக்கும் ஒரே நிறம், சரி. உள்ளே பாவாடை நாடாவை எங்கே கட்டுகிறாய்? வழக்கம்போல் இடுப்பில் இறுக்கிக் கட்டினால், விரிய வேண்டிய விலாவுக்குக் கீழே ஒரு கயிறு போட்ட மாதிரி. வயிற்றுக்குக் கீழே இறக்கித் தளர்வாகக் கட்டு. அல்லது நாடாவை உருவிவிட்டு அகல எலாஸ்டிக் கோத்துக்கொள். மார்பின் சுற்றளவு கூடுகிறது என்று சொன்னேனே, அதைத் தையல்காரரிடமும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் பிளவுஸை ஆகஸ்டில் அளவு கொடுத்துத் தைத்தால் டிசம்பரில் ஊக்கு தெறிக்கும். இரண்டு பக்கமும் உள்தையலுக்குத் துணி விட்டுத் தைக்கச் சொல், ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊக்கு சரியாக மாட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. போட்டுக்கொண்டு, கட்டைவிரல் முதுகுப் பக்கம் வைத்து மூச்சை இழுத்துப் பார்.

நிற்கும்போது முழங்காலைப் பூட்டி விறைப்பாக நிற்காதே. கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு கிட்டத்தட்ட பாதி கூடியிருந்தாலும், இரத்தக் குழாய்கள் தளர்ந்திருப்பதால் நடு மாசங்களில் பிரஷர் சற்று இறங்கியே இருக்கும். அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். குதிகாலை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கு. சேலைக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. நிற்கிற இடம் வரிசையின் ஓரம், மின்விசிறிக்குக் கீழே. பின்னால் ஒரு ஸ்டூல்.

காது அடைப்பது, கண் மங்குவது, மேல் உதட்டில் வியர்ப்பது இதெல்லாம் முன்னறிவிப்பு. இந்த வரி முடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த இடத்திலேயே உட்கார். ஐயா பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தாலும் சரி, கவர்னரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் சரி. உட்கார்ந்து பாடுகிற குரல் ஒன்றும் மட்டமில்லை. ஆறாம் மாசத்துக்கு மேல் பிராக்டிஸ் முழுவதையும் உட்கார்ந்தே செய், ஆராதனைக்கு மட்டும் எழுந்து நின்றால் போதும்.

8. அடிவயிறு.

மேல் சுரம் பாடும்போதும் தும்மும்போதும் சொட்டு மூத்திரம் போய்விடுகிறது என்று காதோடு சொல்லுவார்கள். இது நூற்றுக்கு ஒருத்தியின் கதை இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இடுப்பின் அடித்தசைகள் பாரம் தாங்கிக் களைத்திருக்கின்றன. மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அந்தத் தசையை உள்ளே இழுத்து, சில நொடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்து. தினமும் மூன்று வேளை செய். மூத்திரம் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதே, அது வேறு தொந்தரவைக் கொண்டுவரும். பாடும்போது கீழ்நோக்கி முக்காதே. முக்கினால்தான் ஒரு சுரம் வருமென்றால் அந்தச் சுரம் இப்போது உனக்கு வேண்டாம்.

9. பிள்ளை கேட்கிறதா?

கேட்கிறது. ஐந்தாம் ஆறாம் மாசத்தில் காது வேலை செய்யத் தொடங்கி, ஏழாம் மாசம் நெருங்கும்போது வெளிச் சத்தத்துக்குப் பிள்ளை அசைந்து பதில் சொல்லும். எலிசபெத் வயிற்றுப் பிள்ளை மரியாளின் வாழ்த்தைக் கேட்டுத் துள்ளியது ஆறாம் மாசத்தில் என்று லூக்கா எழுதியிருக்கிறார். மாலை ஆராதனையில் நாம் பாடுகிற மரியாளின் கீதம் அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான். லூக்கா வைத்தியர் என்பது மரபு, மாசக் கணக்கில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்.

வெளியே இருந்து வருகிற சத்தத்தில் கீழ்ச்சுரங்கள் வயிற்றைத் தாண்டி நன்றாகப் போகும். மேல் சுரங்கள் மங்கிவிடும். ஆக, உன் பிள்ளைக்குப் பின்வரிசை பேஸ் பாடுகிற மாமாக்களின் குரல் நன்றாகவே கேட்கும், சோப்ரானோக்கள் எவ்வளவு மெனக்கெட்டாலும். உன் குரல் மட்டும் காற்று வழியாகவும் போகிறது, உன் எலும்பு, சதை வழியாகவும் போகிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்கிற இரண்டு பேர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ரப்பர் காம்பைச் சப்புகிற விதத்தைப் பொறுத்து அம்மா குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி செய்தால், பிள்ளைகள் அம்மா குரல் வருகிற விதமாகவே சப்பின.

அதற்காக வயிற்றின்மேல் ஹெட்போன் வைக்காதே. பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை பாடகராகும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். எங்கள் வரிசையில் பிறக்கும்வரை நின்று பாடிய தாயின் மகன் ஒருவன், இன்றைக்கும் சுருதி என்றால் எந்த ஊர் என்று கேட்பான். நல்ல பிள்ளை, சேர் அடுக்க முதல் ஆளாக வருவான்.

10. ஸ்பீக்கர் பெட்டியை விட்டு விலகு.

நாலு குரல் கொயரின் சத்தத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இப்போது கோவிலுக்குள் வந்துவிட்ட ஆளுயரப் பெட்டிகளும் டிரம்ஸும்தான் கவலை. நெஞ்சு அதிர்கிற இடத்தில் நீ நின்றால் வயிறும் அதிர்கிறது என்று அர்த்தம். உன் காதில் அடைப்பான் வைப்பது உன் காதைத்தான் காக்கும். பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை. இடம் மாறி நில். இடம் இல்லை என்றால் பெட்டியை மாற்றச் சொல். பட்டாசுக்கும் இதே சட்டம்.

11. கேரல் ரவுண்ட்ஸுக்கு வராதே.

ராத்திரி முழுக்க டெம்போவில் குலுங்கி, பனியில் நனைந்து, வீட்டுக்கு வீடு காப்பியும் கேக்கும் வாங்கிக்கொண்டு, விடிகாலை நாலு மணிக்கு வீடு திரும்புவது கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு. உன் தெருவுக்கு அவர்கள் வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பாட்டுக்குக் கூடப் பாடு. கர்ப்பச் சர்க்கரை இருந்தால் அந்தக் கேக்கையும் மாமியாருக்குக் கொடுத்துவிடு.

12. எந்த மாசத்தில் எதைப் படிப்பது.

முதல் மூன்று மாசம் வாந்திக்கும் தூக்கத்துக்கும் போய்விடும், புதுப் பாட்டு எதையும் ஏற்றுக்கொள்ளாதே. நாலு, ஐந்து, ஆறாம் மாசங்கள்தான் உனக்குக் கிடைக்கிற நல்ல காலம். கடினமான உருப்படிகளை அப்போதே மனப்பாடம் செய். பிறகு பைலைத் தூக்கிப் பிடிக்கவே கை வலிக்கும் நாள் வரும். வார்த்தையும் சுரமும் மனதில் இருந்தால் கை சும்மா இருக்கலாம்.

வீட்டில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். உதட்டை மூடி முனங்கு. உதட்டை அதிரவிட்டு, குழந்தைகள் கார் ஓட்டுகிற சத்தத்தில், கீழிருந்து மேலே ஐந்து சுரம் ஏறி இறங்கு. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி விட்டுக்கொண்டே ஒரு மெட்டைப் பாடு. தடித்திருக்கிற குரல் நாணுக்கு இதைவிட இதமான பயிற்சி எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

13. எப்போது நிறுத்துவது.

இத்தனாவது வாரம் என்று தேதி குறிக்க முடியாது. ஒன்பதாம் மாசம்வரை பாடியவர்களும் உண்டு, ஆறாம் மாசத்தில் போதும் என்று உட்கார்ந்தவர்களும் உண்டு. பின்னவர்கள் சோம்பேறிகள் இல்லை. பாடும்போது வயிறு கல் மாதிரி இறுகினால் உட்கார், தண்ணீர் குடி, இடது பக்கம் சாய்ந்து படு. பொய் வலியாக இருந்தால் அடங்கிவிடும். அடங்காமல் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தாலோ, இரத்தமோ நீரோ பட்டாலோ, விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, ஆசீர்வாதம் முடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

தாய் வீட்டுக்குப் போகிற நாளைக்கு முன்னால் உன் பைலை வரிசையில் இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போ. பென்சிலில் மூச்சுக் குறிகள் போட்ட காகிதங்கள் அவை. உன் இடத்தில் நிற்கப் போகிறவளுக்கு உபதேசத்தைவிட உதவும்.

14. பெற்ற பிறகு.

ஆறு வாரத்துப் பரிசோதனை முடியட்டும். ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறு. வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கும், மூச்சைத் தாங்கிப் பிடிக்க அதற்கு வலு வர மாசங்கள் ஆகும். தாலாட்டில் ஆரம்பி, அதுவே பயிற்சி. பால் கொடுக்கிற நேரத்தைச் சொல்லி பிராக்டிஸ் நேரத்தை அரை மணி முன்னேபின்னே வைக்கச் சொல். கேட்டால் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கதி.

15. இது கொயர் மாஸ்டர்களுக்கும் சேகரக் கமிட்டிக்கும்.

பிள்ளை பெறப் போனவளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். திரும்பி வருகிறவளிடம் "வாய்ஸ் டெஸ்ட்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஸ்டூலும், ஓரத்து வரிசைக்கு மேலே ஓடுகிற ஒரு மின்விசிறியும் வாங்கிப் போட பெரிய காணிக்கை ஒன்றும் வேண்டியதில்லை. அப்புறம் அந்தக் கழிப்பறைச் சாவி. பிராக்டிஸ் ஆரம்பித்ததும் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோயில்பிள்ளை காப்பி குடிக்கப் போய்விடுகிறார். எட்டு மாசக்காரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். சாவிக்கு ஒரு நகல் எடுத்து ஆர்கன் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். முப்பது ரூபாயோ நாற்பது ரூபாயோ ஆகும், நானே தருகிறேன்.